கொங்குச் சீமையில் முதல் பவளத் தொட்டி: தண்ணீரில் தொடங்கி மணல் வரை

கோவையிலோ ஈரோட்டிலோ கடல்நீர்த் தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் வாங்குகிறார்கள். முதலில் கண்ணாடித் தொட்டி, அடுத்து நீல வெளிச்சம் அடிக்கும் விளக்கு, அப்புறம் மீன். தண்ணீரைப் பற்றிய யோசனை வருவது தொட்டி வீட்டில் வந்து இறங்கிய பிறகுதான். இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போடுங்கள். நம் பக்கத்தில் தொட்டியை வாழ வைப்பதும் சாகடிப்பதும் தண்ணீர், வெக்கை, கரண்ட் மூன்றும்தான். இவற்றுக்கான சாமானை முதலில் வாங்கிவிட்டு, மிச்சம் இருக்கிற காசுக்கு விளக்கு பார்த்தால் போதும்.

கணக்குச் சொல்ல வசதியாக, மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டியை எடுத்துக்கொள்கிறேன். விளிம்பு வரை பிடித்தால் ஏறக்குறைய 190 லிட்டர். முதல் தொட்டிக்கு இதைவிடச் சின்னது வேண்டாம். தண்ணீர் குறையக் குறைய உப்பும் சூடும் வேகமாக ஏறி இறங்கும். புதிதாக வைப்பவருக்கு அதைச் சமாளிக்கக் கை பழகியிருக்காது.

எந்த உயிருக்காக இந்தத் தொட்டி?

சாமான் பட்டியலுக்கு முன்னால் இதை முடிவு செய்யுங்கள். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் முதல் அட்டவணையில் பவளப்பாறை கட்டும் கல் பவளங்கள் எல்லாமே 2001-இல் சேர்க்கப்பட்டன. கரும்பவளம், நெருப்புப் பவளம், ஆர்கன் பைப் பவளம், கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டை ஆகியவையும் பாதுகாக்கப்பட்டவையே. கல் பவளத்துக்கும் புலிக்கும் ஒரே அட்டவணை. ராமேஸ்வரம் போய்விட்டு வரும்போது மண்டபம் பக்கம் கரை ஒதுங்கிய செத்த பவளத் துண்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவதும் குற்றம்தான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இலிருந்து கடல்வாழ் தேசியப் பூங்காவுக்குள் இருக்கின்றன. 'அங்கிருந்து எடுத்த லைவ் ராக்' (நுண்ணுயிர்கள் குடியிருக்கும் கடல் பாறை) என்று யாராவது காட்டினால் தொடவே தொடாதீர்கள்.

ஆக, முதல் ஒரு வருடத்துக்கு ஜோவாந்திட் என்கிற பட்டன் பாலிப், காளான் பவளம், லெதர் பவளம் போன்ற மென்பவளங்களே போதும். கல் பவளம் வேண்டுமென்றால் ஆவணம் கேளுங்கள். கடைக்காரர் பேச்சை மாற்றினால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். மென்பவளத்துக்கு இறங்குவதில் இன்னொரு லாபமும் உண்டு. அதற்கு விளக்கு குறைவாகப் போதும். விளக்கு குறைந்தால் சூடு குறையும், செலவும் குறையும். இந்த ஒரு முடிவு பின்னால் வரும் எல்லாச் சாமானின் அளவையும் இறக்கிவிடும்.

தண்ணீர்: தொட்டிக்கு முன்னால் வாங்க வேண்டியது

வீட்டில் இரண்டு குழாய் இருக்கும், நல்ல தண்ணிக்கு ஒன்று, உப்புத் தண்ணிக்கு ஒன்று. 'கடல் மீனுக்குத்தானே, உப்புத் தண்ணியே விட்டால் என்ன?' என்று கேட்பவர்கள் உண்டு. போர்வெல் உப்பு வேறு, கடல் உப்பு வேறு. போர் தண்ணீரில் கால்சியம், நைட்ரேட், சிலிக்கா எல்லாம் ஊருக்கு ஒரு அளவில் கலந்திருக்கும். அவிநாசி, திருப்பூர், கரூர்ப் பக்கம் டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 1000-ஐத் தாண்டுவது சாதாரணம். சிறுவாணித் தண்ணீர் அதற்கு நேர் எதிர், 100-ஐக்கூடத் தொடாது. ஆனால் அதிலும் குளோரின் இருக்கிறது, அதையும் நேராக விட முடியாது.

வேண்டியது ஆர்.ஓ.வோடு, அதில் தப்பி வரும் உப்பையும் ரெசினால் பிடிக்கும் டி.ஐ. சேர்ந்த வடிகட்டி. செடிமென்ட், கார்பன், ஆர்.ஓ. மெம்பிரேன், கடைசியாக டி.ஐ. ரெசின் என்ற வரிசையில் இருக்க வேண்டும். சமையலறையில் மாட்டியிருக்கும் ஆர்.ஓ. மெஷின் இதற்கு ஆகாது. குடிக்க ருசியாக இருக்கட்டும் என்று டி.டி.எஸ். கன்ட்ரோலரும் மினரல் கேட்ரிட்ஜும் வைத்து, எடுத்ததில் கொஞ்சத்தைத் திரும்பக் கலந்துவிடுகிற மெஷின் அது. தெரிந்த சர்வீஸ் ஆள் இருந்தால், மெம்பிரேனிலிருந்து வரும் குழாயை அந்த கேட்ரிட்ஜுக்கு முன்னாலேயே பிரித்து, ரெசின் குடுவை ஒன்றை மாட்டச் சொல்லலாம். டி.டி.எஸ். மீட்டரில் 0 வர வேண்டும். 2, 3 என்று காட்டத் தொடங்கினால் ரெசினை மாற்றுங்கள்.

நல்ல மெம்பிரேன் நூற்றுக்கு 95 முதல் 98 பங்கு வரை தடுக்கும். உள்ளே 1000 போனால் வெளியே 20 முதல் 50 வரை வரும். அதை 0 ஆக்கும் சுமை ரெசின் மேல் விழும். சிறுவாணி கிடைக்கிற வீட்டில் மாதக்கணக்கில் உழைக்கிற ரெசின், போர் தண்ணீரில் சீக்கிரமே தீர்ந்துவிடும். அதனால் நல்ல தண்ணி நான்கைந்து நாளுக்கு ஒருமுறைதான் வருகிறதென்றாலும், அதைப் பிடித்து வைத்தே வடிகட்டுங்கள். ஒரு லிட்டர் எடுக்க மூன்று நான்கு லிட்டர் கழிவாகப் போகும். அதை வீடு துடைக்கவோ தென்னைக்கோ திருப்பிவிடலாம்.

அடுத்தது உப்பு. தூத்துக்குடிக் கல் உப்பு கடலிலிருந்துதான் வருகிறது, ஆனால் அதில் கடல் இல்லை. உப்பளத்தில் கடல்நீர் காயும்போது சுண்ணாம்பும் ஜிப்சமும் முதலில் படிந்துவிடும். பிறகு சோடியம் குளோரைடு உறையும். மக்னீசியமும் பொட்டாசியமும் மிச்ச நீரிலேயே நின்றுவிடும். பவளத்துக்கு இத்தனையும் வேண்டும். ரீஃப் தொட்டிக்கென்று விற்கும் கலவை உப்பைத்தான் வாங்க வேண்டும். லிட்டருக்குச் சுமார் 38 கிராம் போட்டால் உப்பளவு 35 (ஆயிரத்துக்கு 35 பங்கு) வரும். ஒப்படர்த்தி அளவில் 1.025, 1.026. நம் தொட்டியிலும் அதற்குக் கீழே வைக்கும் துணைத் தொட்டியான சம்ப்பிலும் சேர்ந்து ஓடும் தண்ணீர் 220 லிட்டர் என்று வைத்தால், முதல் நிரப்பலுக்கு மட்டும் எட்டரை கிலோ. அதற்குப் பிறகு வாரம் 20 லிட்டர் மாற்ற முக்கால் கிலோ. பையை ஒருமுறை பிரித்துவிட்டால் மூடி போட்ட டிரம்மில் வையுங்கள். ஈரம் பட்டால் கல்லாகிவிடும்.

உப்பை அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கும்போதே, அதைச் சரிபார்க்க 35 அளவுக் கரைசல் ஒன்றும் வாங்குங்கள். வெறும் ஆர்.ஓ. தண்ணீரில் 0 காட்டுகிற மீட்டர் 35-இல் பிசகிக் காட்டுவது உண்டு.

தொட்டி, ஸ்டாண்டு, சம்ப்

மூன்றடித் தொட்டிக்கு 10 மி.மீ. கண்ணாடி. உள்ளூரில் செய்கிறவரிடம் கொடுத்தால் போதும், ஆனால் தண்ணீர் சம்ப்புக்கு வழிந்து இறங்கும் ஓவர்ஃப்ளோ துளையை, கண்ணாடியை ஒட்டுவதற்கு முன்பே போடச் சொல்லுங்கள். டஃபன்ட் கண்ணாடியில் பிறகு துளை போட்டால் மொத்தமும் நொறுங்கிவிடும். தண்ணீர், கண்ணாடி, கல், மணல், ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்து 350 கிலோவுக்கு மேல் போகும். மாடி வீடாக இருந்தால் அறையின் நடுவில் வைக்காமல், பீம் போகிற சுவரை ஒட்டி வையுங்கள்.

ஸ்டாண்டுக்கு வெல்டிங் பட்டறையில் போய் நின்றால், "தாங்குமுங்க, இதுல நாலு ஆள் ஏறி நிக்கலாம்" என்பார்கள். தாங்கும், அதில் சந்தேகமில்லை. நம் கவலை துரு. உப்புத் தண்ணீர் தெறித்துக் காய்ந்து, வெல்டு வைத்த இடத்தைத்தான் முதலில் தின்னும். பெயின்ட் வேண்டாம், பவுடர் கோட்டிங் கேளுங்கள். மரத்தில் செய்தால், தண்ணீரைத் தாங்கும் 710 கிரேடு பிளைவுட். ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு, தொட்டிக்கு அடியில் தெர்மாகோல் ஷீட் விரியுங்கள்.

கீழே சம்ப் கட்டாயமா என்றால், என் கணக்கில் கட்டாயம்தான். கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர், ஹீட்டர், மோட்டார் எல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் அங்கே போய்விடும். ஆனால் சம்ப்பை முழுக்க நிரப்பி ஓட்டக்கூடாது. கரண்ட் போனதும் மேல் தொட்டியில் ஓர் அங்குலம் இறங்கினாலே பத்து லிட்டர் கீழே வரும். சம்ப்பிலிருந்து மேலே ஏற்றும் ரிட்டர்ன் குழாய் சைஃபன் ஆகி, தண்ணீரைத் தானாகக் கீழே இழுக்கத் தொடங்கினால் இன்னும் வரும். சம்ப்பில் கால் பங்கு தண்ணீர் ஓடும்போதே, பாதி, பாதிக்கு மேல் என்று ஒவ்வொரு மட்டத்திலும் ஸ்விட்சை அணைத்து, எவ்வளவு ஏறி நிற்கிறது என்று பாருங்கள். விளிம்புக்கு மூன்று விரல்கடை கீழே நிற்கிற அளவுதான் உச்சம். அந்த மட்டத்தில் கண்ணாடியில் மார்க்கர் கோடு ஒன்று போட்டுவிடுங்கள். ரிட்டர்ன் குழாயில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சின்ன ஓட்டை போட்டால் சைஃபன் உடைந்துவிடும். அந்த ஓட்டையில் பாசி அடைக்கும், மாதம் ஒருமுறை குத்திவிட வேண்டும்.

குழாய் வேலைக்குப் பி.வி.சி. மட்டும். கோவை மோட்டார் ஊர். யார் வீட்டிலும் பித்தளை வால்வு, கன்மெட்டல் நிப்பிள் என்று ஒரு டப்பா நிறைய இருக்கும். அதில் ஒன்றுகூட உப்புத் தண்ணீரைத் தொடக்கூடாது. அவற்றிலிருந்து கசியும் செம்பு, மீனுக்கு முன்னால் பவளத்தையும் இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும்.

வெக்கை

தொட்டிக்கு வேண்டியது 25, 26 டிகிரி. 30-ஐத் தாண்டி நாள் கணக்கில் நின்றால் பவளம் வெளுக்கத் தொடங்கும். விளக்கும் மோட்டாரும் சேர்ந்து, அறையை விட இரண்டு மூன்று டிகிரி கூட்டிவிடும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆனி, ஆடியில் கோவைக்கும் பொள்ளாச்சிக்கும் கைகொடுக்கும். ஈரோடு, கரூர், நாமக்கல் பக்கம் சித்திரையில் ஏ.சி. இல்லாத அறையே 34, 35-இல் நிற்கும்.

நீர்ப்பரப்பின் மேல் ஊதும் சின்ன ஃபேன்தான் முதல் வழி. தண்ணீர் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். காற்று எவ்வளவு காய்ந்திருக்கிறதோ அவ்வளவுக்கு நன்றாக வேலை செய்யும்; கரூர் வெயிலில் இரண்டு முதல் நான்கு டிகிரி வரை இறக்கும். ஐப்பசி மழைக் காலத்தில் அதன் வேகம் பாதியாகிவிடும், ஆனால் அப்போது தேவையும் குறைவு. மேலே மூடி போட்டால் ஃபேன் வீண். மூடிக்குப் பதில் வலை போடுங்கள். இல்லாவிட்டால் மீன் குதித்துத் தரையில் கிடக்கும்.

ஃபேன் ஓடினால் நாளுக்கு நான்கைந்து லிட்டர் ஆவியாகும். போவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே தங்கும். காலையில் 35 இருந்தது இரண்டு நாளில் 36-ஐத் தாண்டிவிடும். ஆகவே தானாக நல்ல தண்ணீர் ஊற்றும் ஏ.டி.ஓ. கருவியை ஃபேனோடு சேர்த்தே வாங்குங்கள். அதற்குக் கொடுப்பது உப்புக் கலக்காத ஆர்.ஓ. தண்ணீர். 25 லிட்டர் கேன் ஒன்று வைத்தால் ஐந்து நாள் தாங்கும்.

கரூர், ஈரோட்டில் ஏ.சி. இல்லாத ஹாலில் தொட்டி வைப்பதானால், தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் தவிர்க்க முடியாது. அதை ஸ்டாண்டுக்குள் அடைத்து வைக்காதீர்கள். அது வெளியே தள்ளும் சூடு அங்கேயே சுற்றி மறுபடி தொட்டிக்குத்தான் வரும். கோவையில் ஃபேனோடு ஒரு கோடையை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

மார்கழி இரவில் கோவையில் 18 டிகிரி வரை இறங்கும் என்பதால் ஹீட்டரும் வேண்டும். 200 வாட்டில் ஒன்று வாங்குவதைவிட 100 வாட்டில் இரண்டு நல்லது. ஹீட்டர் கெடும்போது பெரும்பாலும் அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும்படிதான் கெடும். சின்ன ஹீட்டரால் மொத்தத் தொட்டியையும் வேக வைக்க முடியாது.

கரண்ட்

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை மின்தடை என்று பேப்பரில் வருகிற செய்தியை இனி நீங்களும் தேடிப் படிப்பீர்கள். ஏழு மணி நேரம் தண்ணீர் அசையாமல் நின்றால் ஆக்சிஜன் தீர்ந்துவிடும்.

வீட்டு இன்வெர்ட்டர் சைன் வேவ் வகையாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஸ்கொயர் வேவில் மோட்டார் உறுமும், சூடாகும். தொட்டிக்குள் தண்ணீரை ஓட வைக்கும் அலை மோட்டார் ஒன்று, டி.சி. ஃபேன் ஒன்று, சேர்த்து 30 வாட்டுக்குள் அடங்கும். 150 ஏ.எச். பேட்டரிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அலை மோட்டாரை நீர்ப்பரப்பைப் பார்த்துத் திருப்பி வையுங்கள். சில்லர், ஹீட்டர், விளக்கு எதையும் இன்வெர்ட்டரில் மாட்ட வேண்டாம். மே மாதத் தடைக்கு ஆர்.ஓ. தண்ணீர் நிரப்பிய பாட்டில் இரண்டை ஃப்ரீசரில் போட்டு வைத்து, சம்ப்பில் மிதக்க விடலாம்.

எலெக்ட்ரீஷியனிடம் தொட்டிக்குத் தனி லைன் இழுத்து, மின்கசிவு வந்ததும் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. போடச் சொல்லுங்கள். ஒயர் பிளக்குக்குக் கீழே தொங்கி மேலேறும்படி வளைந்திருக்க வேண்டும். அப்போதுதான் ஒயர் வழியே வரும் தண்ணீர் தரையில் சொட்டும், பிளக்குக்குள் போகாது. இந்தச் செலவுக்கு யோசிக்காதீர்கள், செய்தே ஆகவேண்டும்.

ஸ்கிம்மர், அலை, விளக்கு

ஸ்கிம்மர் பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கைப் பாதியாக நினைத்துக்கொள்ளுங்கள். நம் தொட்டிக்கு 400 முதல் 500 லிட்டர் என்று எழுதியது சரியாக இருக்கும். ரிட்டர்ன் மோட்டார், மேலே ஏற்றும் உயரத்தைக் கழித்த பிறகு, மணிக்குத் தொட்டி அளவைப் போல மூன்று முதல் ஐந்து மடங்கு தள்ளினால் போதும். அலை மோட்டார்கள் இரண்டும் சேர்ந்து 20 மடங்கு, அதாவது மணிக்கு 4000 லிட்டரை ஒட்டி. எதிரெதிர்ப் பக்கத்தில் வையுங்கள்.

விளக்குக்கு, பவளம் உட்காரும் இடத்தில் பார் (பவளத்துக்குப் பயன்படும் வெளிச்சத்தின் அளவு) 50 முதல் 150 வரை. நீலம் தூக்கலான நடுத்தர எல்.இ.டி. ஒன்று மூன்றடிக்குத் தாராளம். செடித் தொட்டி விளக்கு வேண்டாம். 30 சதவீதத்தில் தொடங்கி வாரா வாரம் கொஞ்சம் கூட்டுங்கள். நாளுக்கு எட்டு மணி நேரம் போதும்.

மணலும் பாறையும்

அதிகம் பேர் குழம்புவது இங்கேதான். சுற்றிலும் கல்லும் மணலும் கொட்டிக் கிடக்கிற ஊர், கடையில் காசு கொடுத்து மணல் வாங்க மனசு வராது. ஒவ்வொன்றாகத் தள்ளிவிடுவோம்.

நொய்யல், அமராவதி, காவிரி ஆற்று மணலில் சிலிக்காவோடு இரும்புத் தாதும் கிடக்கும். காந்தத்தை உள்ளே விட்டு எடுத்தால் கருப்பாக ஒட்டிக்கொண்டு வரும். அதே தூள் கண்ணாடி துடைக்கும் காந்தத்தில் ஏறி, கண்ணாடியைக் கீறும். எம் சாண்டு கருங்கல்லை உடைத்தது; கூர் முனையில் மணலில் புதையும் மீனின் வயிறு கிழியும். தோட்டத்தில் பொறுக்கிய வெங்கச்சங்கல் தண்ணீரில் கரையாது, கெடுதலும் இல்லை, உபயோகமும் இல்லை. கடற்கரை மணலும் வேண்டாம்; அதோடு என்ன அழுக்கு, என்ன தாது வருகிறதென்று யாருக்கும் தெரியாது.

'மதுக்கரையில் மலை மலையாகச் சுண்ணாம்புக்கல் இருக்கிறதே, அதுவும் கால்சியம் கார்பனேட்தானே?' நியாயமான கேள்வி. ஆனால் அது பூமிக்குள் வெந்து இறுகிய படிகச் சுண்ணாம்பு. பாறையில் நமக்கு வேண்டியது ரசாயனத்தைவிட ஓட்டை உடைசல். அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா அந்த நுண்துளைகளில்தான் குடியிருக்கும். மதுக்கரைக் கல்லை உடைத்தால் உள்ளே துளையே இருக்காது. வினிகர் ஊற்றிப் பொங்குகிறதா என்று பார்க்கும் சோதனையும் கார்பனேட் இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். கூடவே வேறென்ன கலந்திருக்கிறது என்று சொல்லாது.

மிஞ்சுவது, கால்சியம் கார்பனேட்டின் இன்னொரு வடிவமான அரகோனைட் மணல். இது பி.எச்.சைத் தாங்கிப் பிடிக்கும் என்று கடையில் சொல்வார்கள். அதை நம்பி வாங்காதீர்கள். தொட்டி 8.1, 8.2-இல் இருக்கும்போது அரகோனைட் கரையவே கரையாது. உருண்டையான மணி, உலோகம் இல்லாத சுத்தம், வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் வெள்ளை நிறம், இவற்றுக்காக வாங்குங்கள். மணியின் அளவு 1 முதல் 2 மி.மீ. அதைவிடப் பொடியாக இருந்தால் அலை மோட்டார் ஒரு மூலைக்கு ஒதுக்கிவிடும். பெரிதாக இருந்தால் இடுக்கில் மீன் கழிவு தங்கி நைட்ரேட் ஏறும்.

கனம் 3 செ.மீ. போதும். 90-ஐ 45-ஆலும் 3-ஆலும் பெருக்கினால் 12 லிட்டர் மணல். எடையில் 17, 18 கிலோ. பத்து செ.மீ. கனத்துக்குப் போடும் முறையும் உண்டு, முதல் தொட்டிக்கு அது வேண்டாத வம்பு. மணலே இல்லாமல் வெறும் கண்ணாடியாக விடலாமா? சுத்தம் செய்ய அதுதான் சுலபம். ஆனால் மணலில் படுக்கும் ராஸ் மீனும், மணலைச் சலிக்கும் கோபியும் அங்கே வாழாது.

மணலைக் கழுவுவதற்கு அவசரம் ஆகாது. புது வாளியில் ஐந்து கிலோ கொட்டி, ஓஸ் பைப்பை அடி வரை விட்டுத் தண்ணீரைத் திறந்து, கையால் அடியிலிருந்து கிளறுங்கள். முதலில் வழிவது அரிசி கழுவிய தண்ணீராகத்தான் இருக்கும். விரல் தெளிவாகத் தெரிகிற வரை விடாமல் கிளறிவிட்டு, அடுத்த ஐந்து கிலோவுக்குப் போங்கள். கழுவுவதற்கு போர்வெல் உப்புத் தண்ணி போதும். கடைசி இரண்டு அலசல் மட்டும் ஆர்.ஓ. தண்ணீரில். ஈரத்தோடு பையில் அடைத்து விற்கும் லைவ் சாண்டை மட்டும் கழுவக்கூடாது. காசு கொடுத்து வாங்கிய பாக்டீரியா சாக்கடைக்குப் போய்விடும்.

பாறைக்கு, கடலிலிருந்து எடுக்காத, அச்சில் வார்த்த செயற்கை ரீஃப் ராக். துளை நிறைய உள்ளதாகப் பார்த்து 15 கிலோ எடுத்தால் நிறையும். கையில் தூக்கிப் பாருங்கள்: அளவுக்குப் பெரிதாகவும் எடைக்கு லேசாகவும் இருப்பதே நல்ல கல். சிமென்டில் நீங்களே வார்ப்பதானால், ஆறு முதல் எட்டு வாரம் தண்ணீரை மாற்றி மாற்றி ஊற வைக்க வேண்டும். பச்சை சிமென்ட் பி.எச்.சை ஒரேயடியாகத் தூக்கிவிடும்.

பாறையை முதலில் வையுங்கள், மணலைப் பிறகு போடுங்கள். மணல் மேல் பாறை நின்றால், ஒரு கோபி அடியில் குழி பறித்த அன்றைக்கு மொத்தமும் சரியும். கண்ணாடிக்கும் பாறைக்கும் நடுவில் மெல்லிய அக்ரிலிக் ஷீட் ஒன்று இருக்கட்டும். கற்களை எபாக்ஸியும் சயனோஅக்ரிலேட் (சூப்பர் குளூ) ஜெல்லும் சேர்த்துப் பிணையுங்கள். நான்கு பக்கமும் கண்ணாடிக்கு ஒரு கை இடைவெளி விடாவிட்டால் பாசி துடைக்க முடியாது. சுவர் எழுப்புகிற மாதிரி அடுக்கவும் வேண்டாம். பின்னால் அலை போகாத இடத்தில் கழிவு தங்கும்.

நிரப்பி, பொறுத்திருப்பது

டிரம்மில் தண்ணீரைப் பிடித்துவிட்டு, மோட்டார் ஓட ஓட உப்பைத் தூவுங்கள். உப்பின் மேல் தண்ணீர் ஊற்றினால் கால்சியம் வெள்ளையாகப் படிந்துவிடும். ஒரு நாள் ஓட விட்டு, 35 வந்ததும் தொட்டிக்கு மாற்றுங்கள். மணல் கலையாமல் இருக்க ஒரு தட்டை வைத்து அதன் மேல் ஊற்றலாம்.

பிறகு, அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா பெருகும் வரை, மீன் இல்லாமல் ஓட வேண்டும். பாட்டில் பாக்டீரியா ஊற்றி, அம்மோனியம் குளோரைடு கொண்டு அம்மோனியாவை 2 பி.பி.எம். வரை ஏற்றுங்கள். இரண்டும், அதாவது அம்மோனியாவும் நைட்ரைட்டும், 24 மணி நேரத்துக்குள் 0-க்கு இறங்கும் நிலை வர மூன்று முதல் ஆறு வாரம் ஆகும். இந்தக் காலத்தில் விளக்கு தேவையே இல்லை. விளக்கைப் போட்டதும் கண்ணாடியிலும் மணலிலும் பழுப்புத் தூசி படரும். அது டயட்டம் என்ற நுண்பாசி, தானாகப் போய்விடும், நத்தைகளை விட்டால் சீக்கிரம் போகும்.

வாங்க வேண்டிய டெஸ்ட் கிட்: அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பாஸ்பேட், ஆல்கலினிட்டி. ஆல்கலினிட்டி 8 முதல் 9 டி.கே.எச்., நைட்ரேட் 5 முதல் 10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பி.பி.எம். வரை இருந்தால் மென்பவளம் விரிந்து நிற்கும். கால்சியம், மக்னீசியம் கிட் இப்போதைக்கு வேண்டாம். வாராந்திர 20 லிட்டர் மாற்றத்திலேயே அது ஈடாகிவிடும். எடுத்த பழைய உப்பு நீரைச் செடிக்கு ஊற்றாமல் சாக்கடையில் விடுங்கள்.

முதல் மீனாக கோமாளி மீன் ஒரு ஜோடி. அதைக் குஞ்சு பொரிக்க வைக்கும் நுட்பத்தை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிக் கொடுத்திருப்பதால், பண்ணையில் பொரித்ததையே கேட்டு வாங்குங்கள். உலர் தீனிக்குப் பழகியிருக்கும், விலையும் அடங்கும். அடுத்த மீனுக்கு ஒரு மாதம் போகட்டும். அதற்குள் முதல் பட்டன் பாலிப்பை வைக்கலாம். அதைத் தொடும்போது கையுறை வேண்டும், அது ஒட்டிய கல்லின் மேல் எக்காரணம் கொண்டும் சுடுதண்ணீர் ஊற்றக்கூடாது. சில வகைகளில் இருக்கும் பாலிடாக்சின் நஞ்சு, ஆவியோடு கிளம்பி வீட்டில் இருப்பவர்களை ஆஸ்பத்திரி வரை கொண்டுபோய்விடும்.